“வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்காதீர்கள்: கொங்கு ஊர்களில் வேலையைக் கணக்கெடுக்கப் புதிதாகக் கிளம்புபவர்களுக்கு

பல்லடம் பக்கம் ஒரு வீட்டு வாசலில் நின்று “அக்கா, வேலைக்குப் போறீங்களா?” என்று கேட்டால், “இல்லீங், ஊட்ல சும்மாதானுங்க இருக்கறேன்” என்று பதில் வரும். அதே அக்கா விடியக்காலம் இரண்டு மாடு கறந்து சொசைட்டிக்குப் பால் ஊற்றியிருப்பார். மதியம் வரை தறிக்குத் தார் (ஊடை நூல் சுற்றிய குச்சி) சுற்றியிருப்பார். பொழுது சாய ஆட்டுக்குத் தழை ஒடித்துப் போட்டிருப்பார். அவர் எதையும் மறைக்கவில்லை. தமிழில் வேலைக்குப் ‘போவது’ என்றால் படியிறங்கி வெளியே போவது. அந்தச் சொல்லுக்கு உரிய பதிலை அவர் சொல்லிவிட்டார். உங்கள் தாளில் அவர் ‘வேலை செய்யாதவர்’ ஆகிவிடுவார். நூறு வீட்டில் இப்படி நடந்தால், அந்த ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் கணக்கிலிருந்து காணாமல் போவார்கள்.

கல்லூரி ஆய்வு மாணவர்கள், தொண்டு நிறுவனப் பணியாளர்கள், தொழிற்சங்கத்தில் இருப்பவர்கள் ஆகியோர் ஓர் ஊரின் வேலைகள் எப்படி மாறுகின்றன என்று பதிவு செய்ய நினைத்தால், எங்கே தொடங்கி எப்படி முடிப்பது என்பதுதான் இந்த வழிகாட்டி. இரண்டு பேர், மூன்று நான்கு வாரம், நூறு வீடு என்ற அளவை மனதில் வைத்து எழுதியது. முதல்முறைக்கு இதற்குமேல் ஆசைப்பட வேண்டாம்.

முதலில் ஒரே ஒரு கேள்வி

‘கொங்கு மண்டலத்தில் வேலைவாய்ப்பு’ என்று கிளம்பினால் ஒன்றும் கிடைக்காது. ‘இந்த ஊரில் சாதாத் தறி (பழைய வகை விசைத்தறி) ஓட்டியவர்கள் தறியை எடைக்குப் போட்ட பிறகு என்ன வேலைக்கு மாறினார்கள்?’ என்பது கேள்வி. ‘பவானிப் பக்கம் ஜமுக்காளம் நெய்த வீடுகளில் அடுத்த தலைமுறை எங்கே இருக்கிறது?’ என்பதும் கேள்விதான். ஒரே வாக்கியத்தில் எழுத முடிய வேண்டும். அந்த வாக்கியத்தில் யார், எங்கே, எந்தக் காலம் என்ற மூன்றும் இருக்க வேண்டும். பிறகு கேள்வித்தாளில் சேர்க்கும் ஒவ்வொரு வரியையும் இந்த வாக்கியத்தோடு வைத்துப் பாருங்கள். தொடர்பில்லாததை அடித்துவிடுங்கள். 40 நிமிடத்துக்கு மேல் ஒரு வீட்டில் உட்கார்ந்தால், கடைசிப் பத்து நிமிடப் பதில்கள் உங்களை எழுந்து போகச் சொல்லும் பதில்களாகத்தான் இருக்கும்.

ஊருக்குப் போகும் முன் படிக்க வேண்டியவை

தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 ஜூலையிலிருந்து நடத்தும் காலமுறைத் தொழிலாளர் கணக்கெடுப்பு (பி.எல்.எஃப்.எஸ்.) முதல் பாடம். அது மனிதர்களை இரண்டு விதமாக அளக்கிறது. ‘வழக்கமான நிலை’ கடந்த 365 நாளைப் பார்க்கிறது: ஆண்டின் பெரும்பகுதி செய்தது முதன்மை வேலை, 30 நாளாவது செய்த வேறு வேலை துணை வேலை. ‘நடப்பு வார நிலை’ கடந்த ஏழு நாளைப் பார்க்கிறது: ஏதாவது ஒரு நாளில் ஒரு மணி நேரம் வேலை செய்திருந்தாலும் அவர் வேலையில் இருப்பவர். வாரத்தில் ஆறு நாள் வேலை தேடி அலைந்து ஒரு நாள் அரை வேளை செங்கல் சுமந்தவரும் இதில் அடக்கம். வேலையின்மை விகிதம் இவ்வளவு குறைவாக இருக்கிறதே என்று வியப்பதற்கு முன்னால் இந்த வரையறையைப் படித்திருக்க வேண்டும். தனிநபர் விவரக் கோப்புகளைப் புள்ளியியல் அமைச்சகத்தின் தளத்தில் இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். அதில் உள்ள பெருக்கு எண்ணை (ஒவ்வொருவரும் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் எடையை) பயன்படுத்தாமல் ஆட்களை வெறுமனே கூட்டக்கூடாது.

2025 ஜனவரியிலிருந்து அந்தக் கணக்கெடுப்பின் அமைப்பு மாறியிருக்கிறது; மாத மதிப்பீடுகளும் வருகின்றன. பழைய ஆண்டுகளோடு ஒப்பிடும்போது அதைக் குறிப்பிட்டே ஆக வேண்டும்.

மாவட்ட எல்லையில்தான் புதியவர்கள் அதிகம் வழுக்குகிறார்கள். ஈரோடு கோவையிலிருந்து 1979இல் பிரிந்தது. கரூர் திருச்சியிலிருந்து 1995இலும், நாமக்கல் சேலத்திலிருந்து 1997இலும் வந்தன. கோவையிலும் ஈரோட்டிலும் சில தாலுகாக்களை எடுத்துத் திருப்பூர் மாவட்டம் 2009இல் உருவானது. ஆகவே 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் கோவையையும் 2011இன் கோவையையும் பக்கத்தில் வைத்து ‘தொழிலாளர் குறைந்துவிட்டார்கள்’ என்று எழுதினால், பனியன் தொழில் முழுக்க வேறு மாவட்டத்துக்குக் கணக்கு மாறியதைத்தான் எழுதியிருப்பீர்கள். தாலுகா அளவில் இறங்கி, பழைய எல்லையை நீங்களே கூட்டிக் கட்டுங்கள்.

வருங்கால வைப்புநிதி அமைப்பு மாதந்தோறும் வெளியிடும் எண்களையும் புது வேலை என்று படித்துவிடக்கூடாது. 19 பேர் வேலை பார்த்த பட்டறையில் இருபதாவது ஆள் சேர்ந்ததும் நிறுவனம் சட்டத்துக்குள் வருகிறது. நேற்றுவரை அங்கேயே லேத் ஓட்டியவர்களும் இன்று புதுச் சந்தாதாரர்கள் ஆகிறார்கள்.

தொழில் குறியீடு: ஒரு சொல்லுக்குள் நாலு தொழில்

திருப்பூரில் எல்லாமே ‘பனியன் கம்பெனி’. ஆனால் தேசியத் தொழில் வகைப்பாடு 2008இன்படி நிட்டிங் 1391, சாயப்பட்டறையும் பிளீச்சிங்கும் பிரிண்டிங்கும் 1313, வெட்டித் தைப்பது 1410. நூற்பாலை 1311, தறி 1312, கரூரின் படுக்கை விரிப்பும் திரைச்சீலையும் 1392, பவானி ஜமுக்காளம் 1393, பொள்ளாச்சிப் பக்கம் கயிறு திரிப்பது 1394, கோவையின் பம்ப் 2813, இரும்பு வார்ப்புப் பட்டறை 2431. ‘பனியன் கம்பெனிங்க’ என்றதும் பேனாவை எடுக்காதீர்கள். ‘அங்க நீங்க என்னத்தத் தொட்டு வேலை செய்யறீங்க?’ என்று கேளுங்கள். ஓவர்லாக், பேட்லாக், கட்டிங், கைமடி, செக்கிங், அயர்ன், பேக்கிங் என்று சொல்வார்கள். அந்தச் சொல்லை அப்படியே எழுதிக்கொண்டு, குறியீட்டை ராத்திரி வீட்டில் போடுங்கள்.

கொங்கில் ‘காட்டு வேலை’ என்றால் வனத்தில் செய்யும் வேலை இல்லை. மானாவாரி நிலத்து வேளாண் வேலை. ‘தோட்டம்’ என்றால் கிணற்றுப் பாசன நிலம். வெளியூர் மாணவர் ஒருவர் கணினியில் ‘வனத்துறை’ என்று ஏற்றிவிட்டால் மொத்த அட்டவணையும் கோணலாகிவிடும்.

வீடுகளைப் பட்டியல் போடுதல்

வாக்காளர் பட்டியலையோ ரேஷன் அட்டைப் பட்டியலையோ வைத்து மாதிரி எடுக்காதீர்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து லைன் வீட்டில் இருப்பவர்கள் அவற்றில் இருக்க மாட்டார்கள். நடந்து போய் நீங்களே பட்டியல் போட வேண்டும். நான்கு இடங்கள் வழக்கமாக விட்டுப்போகும்: ஊரைத் தாண்டித் தோட்டத்துக்குள் தனித்தனியாக இருக்கும் சாளைகள், காம்பவுண்டுக்குள் வரிசையாக இருக்கும் லைன் வீடுகள், மில் விடுதிகள், தறிக்குடோனிலேயே படுத்துக்கொள்ளும் ஆட்கள். சாளைகளைப் பிடிக்கச் சுலபமான வழி, பால் சொசைட்டிக்குக் காலையில் பால் கொண்டுவருபவர்களிடம் யார் யார் எந்தத் தோட்டத்தில் குடியிருக்கிறார்கள் என்று கேட்பது.

ஊர், காலனி (தலித் மக்களின் குடியிருப்பு), லைன் வீடு மூன்றையும் தனித்தனிப் பட்டியலாக வையுங்கள். நிலமும் தறியும் ஊரில். காட்டுக்கூலிக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் காலனியில். இந்தப் பிரிவினை இங்கே இருக்கிறது. அதை மழுப்பி மூன்றையும் ஒரே பட்டியலாக்கி மாதிரி எடுத்தால் சராசரி யாருடைய வாழ்க்கையையும் சொல்லாது. 240 வீடுள்ள ஊரில் 60 வேண்டும் என்றால் நாலில் ஒன்று: ஒன்று முதல் நாலுக்குள் சீட்டுப் போட்டு ஓர் எண்ணை எடுங்கள். 3 வந்தால் 3, 7, 11 என்று போங்கள். பூட்டிய வீட்டை விட்டுவிட்டுப் பக்கத்து வீட்டில் நுழைவது பெரிய தவறு. பகலில் பூட்டியிருப்பது எல்லோரும் வேலைக்குப் போன வீடு. பக்கத்தில் திறந்திருப்பது யாரோ வீட்டில் இருக்கிற வீடு. மாற்றி எடுக்க எடுக்க, வேலை செய்பவர்கள் குறைந்துகொண்டே போவார்கள். வெவ்வேறு வேளையில் மூன்று தடவை போன பிறகே ‘கிடைக்கவில்லை’ என்று எழுத வேண்டும்.

காலனிக்குத் தோட்டக்காரரை (கூலி கொடுக்கும் நிலத்துக்காரரை) துணைக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். அவர் நிற்கும்போது கூலி எவ்வளவு, முன்பணம் எவ்வளவு என்று யாரும் உண்மை சொல்ல முடியாது. தனியாகப் போங்கள். கொடுத்த தண்ணீரை வாங்கிக் குடியுங்கள். கணக்கெடுக்க வந்தவர் வாங்கிக் குடிக்கிறாரா என்று அங்கே கவனிப்பார்கள்.

திருச்செங்கோட்டில் போர்வெல் வண்டியோடு வெளிமாநிலம் போகிறவர்களையும் நாமக்கல், சங்ககிரி லாரி ஓட்டுநர்களையும் வீட்டு உறுப்பினராகச் சேர்ப்பதா என்ற கேள்வி முதல் நாளே வரும். ஆறு மாதம் என்ற வரம்பை வைத்து முடிவெடுத்து, கேள்வித்தாளின் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள். ஆளுக்கொரு விதமாக முடிவெடுத்தால் பிறகு சரிசெய்ய வழியில்லை.

எப்போது போவது

சனிக்கிழமை சம்பள நாள். ஞாயிறு காலை பத்திலிருந்து மதியச் சாப்பாட்டுக்கு முன்வரை பனியன் தொழிலாளர்களை வீட்டில் பிடிக்கலாம். தீபாவளிக்கு முந்தைய ஒரு மாதம் ஆர்டர் நெருக்கடி. பிந்தைய வாரங்களில் பாதி ஊர் காலியாக இருக்கும். சத் பூஜைக்கும் ஹோலிக்கும் வடமாநிலத்தவர் ஊருக்குப் போவார்கள். பங்குனி, சித்திரையில் மாரியம்மன் நோம்பி (கோயில் திருவிழா) சாட்டிய வாரம் எந்த ஊரிலும் வழக்கமான வாரம் கிடையாது. ‘கடந்த ஏழு நாள்’ என்று கேட்கப்போகிறீர்கள் என்பதை மறக்காதீர்கள். நோம்பி வாரத்தில் கேட்டால் நோம்பிதான் அட்டவணையில் இருக்கும். ஈரோட்டுப் பக்கம் தையிலிருந்து பங்குனி வரை மஞ்சள் வெட்டு. கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் விட்டால் நடவு. வேளாண் ஊர் என்றால் குறைந்தது இரண்டு பருவத்தில், அதே வீடுகளுக்குப் போங்கள்.

கேள்வித்தாளின் உயிர்: ஏழு நாள் கட்டம்

‘உங்க தொழில் என்ன?’ என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அதற்குப் பதில் ஒரு கட்டம் வரைந்துகொள்ளுங்கள்: ஏழு நாள் குறுக்கே, விடியக்காலம், முற்பகல், பிற்பகல், பொழுது சாய்ந்த பிறகு என நான்கு வேளை நெடுக்கே. நேற்றிலிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். “ஏனுங்கக்கா, நேத்து எந்திரிச்சதுல இருந்து என்னென்ன செஞ்சீங்க?” என்பதுதான் கேள்வி. அவர் சொல்வதை அவர் சொல்லிலேயே எழுதுங்கள். ஒவ்வொரு வேலைக்கும் நான்கு குறிப்பு போதும்: எத்தனை மணி நேரம், யாருக்காக, காசு வந்ததா, வந்தால் யார் கையில். கடைசிக் குறிப்பை விடாதீர்கள். பால் கணக்கு வீட்டுக்காரர் பேரில் இருந்தால் ‘பால் வியாபாரம் அவரு பாக்கறாரு’ என்றுதான் பதில் வரும். கறப்பது, தீவனம் வைப்பது, சாணி அள்ளுவது எல்லாம் அந்த அம்மாவாக இருக்கும்.

ஆகவே அவரவர் வேலையை அவரவரிடமே கேளுங்கள். கணவரோ மாமியாரோ பதில் சொன்னால் தாளில் ‘பிறர் சொன்னது’ என்று குறியுங்கள். பகுப்பாய்வில் இரண்டையும் பிரித்துப் பார்த்தால் வித்தியாசம் தெரியும்.

விற்பனைக்குக் கறப்பதோ வீட்டுக் குடிப்புக்குக் கறப்பதோ, இரண்டும் இந்தியக் கணக்கெடுப்பில் பொருளாதார நடவடிக்கைதான். பன்னாட்டுப் புள்ளிவிவரத்தின் இப்போதைய வரையறை கூலிக்கோ லாபத்துக்கோ செய்வதை மட்டும் வேலைவாய்ப்பு என்கிறது. மணிக்கணக்கைத் தனித்தனியாக எழுதி வைத்தால் எந்த வரையறைக்கும் பிறகு கூட்டிக்கொள்ளலாம். கேட்காமல் விட்டதை எந்தக் கணினியும் கூட்டித் தராது. சமையலையும் பிள்ளை பார்ப்பதையும்கூட எழுதுங்கள். அரசின் நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு 2019இலும் 2024இலும் விடியற்காலை 4 மணியிலிருந்து மறுநாள் 4 மணிவரை அரைமணி அரைமணியாக இதைத்தான் செய்தது.

கூலிக்கு ஓட்டும் தறிக்காரர் யார்?

சோமனூர், பல்லடம் பகுதியில் ஆறு தறி வைத்திருப்பவரைச் சுயதொழில் என்று எழுதத் தோன்றும். தறி அவருடையது, கொட்டகை அவருடையது. ஆனால் பாவும் (நெடுக்கு நூல்) ஊடை நூலும் (குறுக்கு நூல்) ஜவுளி உற்பத்தியாளர் கொடுப்பது. நெய்த துணி அந்த உற்பத்தியாளருக்கே திரும்பிப் போகிறது. மீட்டருக்கு இவ்வளவு என்று கூலியும் அங்கேதான் தீர்மானம். பாவு வராத வாரம் தறி நிற்கும். முதலாளியா தொழிலாளியா என்றால் இரண்டும் முழுதாகப் பொருந்தாது. 2018இல் பன்னாட்டுத் தொழிலாளர் புள்ளியியலாளர் மாநாடு ‘சார்ந்திருக்கும் ஒப்பந்ததாரர்’ என்று ஒரு தனி வகையையே சேர்த்தது. உங்கள் தாளில் மூன்று கேள்வி போதும்: மூலப்பொருள் யாருடையது, விலையை யார் முடிவு செய்கிறார், ஒரே ஆளுக்குத்தான் ஓட்டுகிறாரா. பதில்களை வைத்து நீங்கள் வகைப்படுத்துங்கள். அவரிடம் ‘நீங்க ஓனரா?’ என்று கேட்டால் கௌரவம்தான் பதில் சொல்லும்.

அவர் வருமானம் எவ்வளவு? வாங்கிய கூலியிலிருந்து பாவு பிணைக்க, தார் சுற்றக் கொடுத்தது, உதிரிபாகம், வண்டி வாடகை, இரு மாதத்துக்கு 1,000 யூனிட் இலவசம் போக வந்த மின்கட்டணம் ஆகியவற்றைக் கழியுங்கள். மிச்சத்தை வீட்டார் எல்லோரும் தறியில் நின்ற மொத்த மணியால் வகுங்கள். இந்த எண்ணைப் பக்கத்து மில் தொழிலாளியின் மணிக்கூலியோடு ஒப்பிட்டால்தான், மகன் ஏன் தறிக்கு வர மறுக்கிறான் என்பது விளங்கும்.

ஷிப்ட் கணக்கு

திருப்பூரில் கூலி நாளுக்கு இல்லை, ஷிப்டுக்கு. எட்டு மணி ஒரு ஷிப்ட். பன்னிரண்டு மணி ஒன்றரை ஷிப்ட். ஒரு டெய்லர் ‘ஆறு நாள் போனேன், 4,320 ரூபாய் வந்தது’ என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 48 மணி என்று எடுத்தால் மணிக்கு 90 ரூபாய். ஆறு நாளும் ஒன்றரை ஷிப்ட் என்றால் ஒன்பது ஷிப்ட், 72 மணி. மணிக்கு 60 ரூபாய். ஒரே சம்பளம், பாதிக்குப் பாதி அதிகமாகக் காட்டும் பிழை. எனவே ‘எத்தனை ஷிப்ட்?’ என்பதோடு நிற்காமல் உள்ளே போன நேரம், வெளியே வந்த நேரம், சாப்பாடு, டீ இடைவேளை எல்லாம் கேளுங்கள்.

பீஸ் ரேட் என்றால் பீஸுக்கு எவ்வளவு, நேற்று எத்தனை பீஸ், கைமடிக்கு (துணி மடித்துக் கொடுக்கும் உதவியாளுக்கு) இவர் பங்கிலிருந்து கொடுத்தாரா, கான்ட்ராக்டர் கொடுத்தாரா என்பதும் வேண்டும். முன்பணப் பிடித்தம், மெஸ், ரூம் வாடகை ஆகியவற்றுக்குத் தனி நிரல் போடுங்கள். ‘மொத்தம்’, ‘பிடித்தம்’, ‘கைக்கு வந்தது’ மூன்றையும் கேட்டால் ஒன்றுக்கொன்று சரிபார்க்கவும் முடியும். பள்ளிபாளையம், குமாரபாளையம் போன்ற தறி ஊர்களில் முன்பணம் எவ்வளவு பாக்கி என்பதைக் கேட்காமல் கூலியை மட்டும் எழுதினால், அந்த ஆள் ஏன் கூலி அதிகமுள்ள தறிக்கு மாறவில்லை என்பதற்கு விடையே இருக்காது.

பழைய வேலைகளை நினைவுபடுத்துதல்

ஆண்டைக் கேட்டால் யாருக்கும் வராது. ஐந்தும் பத்துமாக முழு எண்ணில் சொல்வார்கள். ஒரு நீளத் தாளில் ஆண்டுகளை வரிசையாக எழுதி, எல்லோரும் அறிந்த நிகழ்வுகளைக் குறித்துக்கொள்ளுங்கள்: 1998 கோவைக் குண்டுவெடிப்பு, நீதிமன்ற உத்தரவால் சாயப்பட்டறைகள் மூடிய 2011 தொடக்கம், 2016 நவம்பர் நோட்டு செல்லாமல் போனது, 2017 ஜூலை ஜி.எஸ்.டி., 2020 மார்ச் ஊரடங்கு, 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டது. அதோடு அந்த வீட்டு நிகழ்வுகள்: கல்யாணம், பெரியவன் பள்ளியில் சேர்ந்தது, கிணறு வற்றியது. “சாயப்பட்டறை மூடுனப்ப எங்கீங்க இருந்தீங்க?” என்றால் பதில் உடனே வரும். வேலையில்லாமல் இருந்த மாதங்களைத் தனியாகக் கேளுங்கள். அவை நினைவில் சுருங்கிவிடும்.

வடமாநிலத்தவரும் மில் விடுதிப் பெண்களும்

இந்தி தெரிந்த ஒருவர் இருந்தால் போதும் என்று எண்ண வேண்டாம். ஒடியா, போஜ்புரி, வங்காளி, அசாமியர் என்று பலர். கம்பெனி சூப்பர்வைசரோ ஆள் கூட்டிவந்த ஏஜெண்டோ மொழிபெயர்க்கக் கூடாது. அவர்கள் முன்னால் பிடித்தம் பற்றிக் கேட்பதே அந்தத் தொழிலாளிக்கு ஆபத்து. அவரவர் மாநிலத்து மாணவர்கள் கோவைக் கல்லூரிகளில் கிடைப்பார்கள்.

மூன்று ஆண்டு முடிவில் மொத்தத் தொகை என்று சொல்லி மில் விடுதியில் வைக்கப்பட்ட இளம்பெண்களை, சுமங்கலித் திட்டம் என்று ஊர் அறிந்த அந்த ஏற்பாட்டில் இருந்தவர்களை, வார்டன் பக்கத்தில் இருக்கக் கேட்டுப் பயனில்லை. வேலையை விட்டு ஊர் திரும்பியவர்களை அவர்கள் வீட்டில் சந்தியுங்கள். கேள்வி கேட்பவர் பெண்ணாகவே இருக்கட்டும். 18 வயதுக்குக் கீழ் என்றால் பெற்றோர் சம்மதமும் அந்தப் பெண்ணின் சம்மதமும் வேண்டும். பேர், கம்பெனி பேர், செல் எண் பதில்தாளில் இருக்கக்கூடாது. ஒரு குறியீட்டு எண் மட்டும். பேருக்கும் எண்ணுக்கும் உள்ள பட்டியல் வேறு நோட்டில், வேறு இடத்தில்.

எண்ணுதல்

அன்றன்றைய தாளை அன்றிரவே பதிவேற்றுங்கள். விடுபட்டதற்கு 99 என்று போட்டால் யாரோ ஒருநாள் அதை வயதாகக் கூட்டிவிடுவார். வெற்றாக விட்டு, காரணத்தைத் தனி நிரலில் எழுதுங்கள். பத்தில் ஒரு தாளை இன்னொருவர் மறுபடி ஏற்றி ஒப்பிடட்டும்.

ஊரில் 240 வீட்டில் 60, காலனியில் 60 வீட்டில் 30 எடுத்தீர்கள் என்றால், ஊர்வீடு ஒவ்வொன்றும் 4 வீட்டுக்குச் சமம்; காலனிவீடு 2 வீட்டுக்குச் சமம். பெண்கள் கூலிக்குப் போகும் வீடு ஊரில் 18, காலனியில் 21 என்றால் வெறும் கூட்டல் 90இல் 39, அதாவது 43 சதவீதம். எடை போட்டால் 300இல் 114, 38 சதவீதம். இரண்டாவதுதான் சரி. 150 பேரை எளிய மாதிரியாக எடுத்தாலே விகிதம் இருபுறமும் சுமார் 8 புள்ளி ஆடும். மூன்று புள்ளி வித்தியாசத்தை ‘மாற்றம்’ என்று எழுதாதீர்கள்.

பழைய கூலியை இன்றைய கூலியோடு ஒப்பிட, தொழில்துறைத் தொழிலாளர்களுக்கான நுகர்வோர் விலைக் குறியீட்டைப் பயன்படுத்துங்கள். கோவைக்குத் தனி எண் உண்டு. பழைய கூலியை இன்றைய குறியீட்டால் பெருக்கி அன்றைய குறியீட்டால் வகுக்க வேண்டும். 2020 செப்டம்பரில் அடிப்படை ஆண்டு 2001இலிருந்து 2016க்கு மாறியது. புதிய எண்ணைப் பழைய அடிப்படைக்கு மாற்றப் பெருக்க வேண்டிய அனைத்திந்திய இணைப்புக் காரணி 2.88, கோவைக்கு உரியதைத் தனியாகப் பார்த்து எடுங்கள். இதை மறந்தால் விலைவாசி மூன்றில் ஒன்றாகக் குறைந்ததுபோல் கணக்கு வரும்.

வீட்டுப் பட்டியலையும் வரைபடத்தையும் எறிந்துவிடாதீர்கள். கோவை, திருப்பூர்ப் பக்கத்துக் கிராமங்களில் பொருளாதார ஆய்வாளர் ஜூடித் ஹேயர் 1981-82இல் தொடங்கி 1996இலும் அதன்பிறகும் திரும்பத் திரும்பப் போனதால்தான், பண்ணையாள் முறை தேய்ந்து பனியனுக்கும் ஆலைக்கும் ஆட்கள் நகர்ந்ததை வீடு வீடாகச் சொல்ல முடிந்தது. ஐந்து ஆண்டு கழித்து நீங்களும் போகும்போது ஒரு வீடு இல்லாமல் போயிருக்கும். அதைப் பட்டியலிலிருந்து அடிக்காமல், பக்கத்து வீட்டில் உட்கார்ந்து மூன்று கேள்வி கேளுங்கள்: எப்போது கிளம்பினார்கள், எந்த ஊருக்கு, அங்கே முதலில் செய்த வேலை என்ன.